மெர்ல் ஹாகர்ட்: பாட்டில் வரும் 'நான்' யார்?

#1 கம்பிநாதம்

ஜானி கேஷ் இழையில் ஒரு நண்பர், "ஜெயிலுக்குப் போய் வந்த கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய இசை) பாடகர் இவர்தானே?" என்று கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் இழை திசை மாறிவிடும். அதனால் இங்கே தனியாக.

கேஷ் அவ்வப்போது ஓர் இரவு லாக்கப்பில் கிடந்திருக்கிறார், அவ்வளவுதான். தண்டனைக் கைதியாக இருந்ததே இல்லை. 1959 புத்தாண்டு அன்று கலிஃபோர்னியாவின் சான் குவென்டின் சிறையில் அவர் கச்சேரி செய்தபோது, கீழே உட்கார்ந்து கேட்ட கைதிகளில் 21 வயதுப் பையன் ஒருவன் இருந்தான். கைதி எண் ஏ-45200. அவன்தான் மெர்ல் ஹாகர்ட். பின்னாளில் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 38 பாட்டுகளை முதலிடத்துக்குக் கொண்டுபோனவர்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பெற்றோர் ஓக்லஹோமாவில் செகோட்டா ஊர்ப் பக்கம் விவசாயம் பார்த்தவர்கள். களஞ்சியம் எரிந்துபோனது. பஞ்சம் வேறு. 1930களின் நடுவில் ஊர் ஊராகக் கிளம்பிய கூட்டத்தோடு அவர்களும் கலிஃபோர்னியாவுக்குப் பிழைக்க வந்தார்கள். அப்பா ஜேம்ஸுக்கு சான்டா ஃபே ரயில்வேயில் தச்சு வேலை. பேக்கர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஆயில்டேலில், பழைய குளிர்பதன ரயில் பெட்டி ஒன்றை வீடாக மாற்றினார். மெர்ல் 1937 ஏப்ரல் 6 பிறந்தார், அந்தப் பெட்டியில்தான் வளர்ந்தார். ஒன்பது வயதில் அப்பா மூளையில் ரத்தக்கசிவு வந்து போய்ச் சேர்ந்தார். அம்மா ஃப்ளாஸி வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பையன் கைமீறினான். சரக்கு ரயிலில் தொற்றிக்கொண்டு ஓடுவது, சீர்திருத்தப் பள்ளி, அங்கிருந்து தப்புவது, மறுபடி பிடிபடுவது. 1957 கடைசியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் திருடப் போய் மாட்டினார். 15 வருடம் வரை நீளக்கூடிய தண்டனை. 1958இல் சான் குவென்டின், 1960 நவம்பரில் பரோல்.

என் வாதம் இதுதான். இந்தக் கதை தெரிந்துவிட்டால் போதும், அவர் பாட்டு எல்லாவற்றையும் வாக்குமூலமாகவே கேட்க ஆரம்பித்துவிடுகிறோம். ஹாகர்ட் வாக்குமூலம் எழுதியவர் இல்லை. அடுத்தவருடைய வாழ்க்கைக்குள் போய் நின்று 'நான்' என்று பாடக் கற்றவர். அவர் பெரிய எழுத்தாளர் ஆனது அதனால்தான், ஜெயிலுக்குப் போனதால் இல்லை.

#2 பெட்டிக்கடை

அண்ணே, திருட்டுக் கதையைப் பாதியில விட்டுட்டீங்களே, அதுதான் ருசியான பகுதி. கடை சாத்தியாச்சுன்னு நினைச்சு குடிபோதையில பின்கதவை நெம்பிக்கிட்டு இருந்திருக்காங்க. கடை சாத்தவே இல்லை, உள்ள ஆளுங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. கடைக்காரர் கதவைத் திறந்து, "ஏம்ப்பா, எல்லாரையும் போல முன்வாசல் வழியா வரக்கூடாதா"ன்னு கேட்டாராம். ஹாகர்ட்டே பின்னாடி சொல்லிச் சொல்லிச் சிரிச்ச கதை.

ஆனா உங்க வாதம் எனக்கு ஒத்துவரல. 'மம்மா ட்ரைட்' எடுத்துக்குங்க. 21 வயசு நிறைஞ்சப்ப ஜெயில்ல இருந்தேன்னு பாடறார். நிஜத்துலயும் 1958 ஏப்ரல்ல அவர் சான் குவென்டின்லதான் இருந்தார். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தா, நான்தான் கேக்கலன்னு பாடறார். நிஜத்துலயும் அதான். இது வாக்குமூலம் இல்லன்னா வேற எது?

#3 கம்பிநாதம்

பெட்டிக்கடை, நீங்கள் சொன்ன அதே வரியை முழுசாகக் கேளுங்கள். அந்த ஆளுக்கு ஆயுள் தண்டனை, பரோலே கிடையாது என்று வருகிறது. நிஜ ஹாகர்ட் மூன்று வருடம்கூட உள்ளே இருக்கவில்லை. ஒரே வரியில் முன்பாதி நிஜம், பின்பாதி கற்பனை.

ஏன் அப்படி மாற்றினார்? மகன் மூன்று வருடத்தில் திரும்பி வந்துவிட்டால் அம்மாவுக்கு ஆறுதல் உண்டு, "பட்டுத் திருந்திட்டான்" என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். ஆயுள் தண்டனை என்றால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. அவள் பட்ட பாடு மொத்தமும் வீண். அப்போதுதான் "அவள் மேல் தப்பே இல்லை" என்று மகன் சொல்வதற்குக் கனம் கூடுகிறது. பாட்டு திருடனைப் பற்றியதே இல்லை, அம்மாவைப் பற்றியது. அதற்காகத் தன் தண்டனையைத் தானே கூட்டி எழுதிக்கொண்டார். 1968இல் வந்தது. இரண்டேகால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இன்னொன்று, 'சிங் மீ பேக் ஹோம்', 1967. சான் குவென்டினில் ஹாகர்ட்டுக்கு ஜிம்மி கென்ட்ரிக் என்று ஒரு கூட்டாளி. பட்டப்பெயர் 'ராபிட்'. சிறையின் மரச்சாமான் பட்டறையில் செய்த ஒரு மேசைக்குள் ஒளிந்து தப்பிக்கத் திட்டம் போட்டான். ஹாகர்ட்டும் கூட வருவதாக இருந்தது. கடைசியில், "உனக்குப் பாட்டு இருக்கு, நீ வராதே" என்று அவனே தடுத்துவிட்டான். வெளியே போனவன் ஒரு நெடுஞ்சாலைப் போலீஸ்காரரைச் சுட்டுக் கொன்றான், பிடிபட்டான், 1961இல் மரண தண்டனை. பாட்டில் மரண தண்டனைக்குப் போகிற கைதி, போகிற வழியில் நண்பனிடம் ஒரு பழைய பாட்டைப் பாடச் சொல்கிறான். பாடுகிற நண்பன் 'நான்'. கென்ட்ரிக்கின் கடைசி நாளில் ஹாகர்ட் சிறையிலேயே இல்லை, ஒரு வருடம் முன்பே வெளியே வந்துவிட்டார். தான் இல்லாத இடத்தில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்தி எழுதிய பாட்டு அது.

#4 வடமராட்சியான்

நான் ரொறொன்ரோவில லொறி ஓடுறனான். கனகாலமா இரவில கன்ட்ரி றேடியோதான் துணை. கம்பிநாதம் சொல்லுறது எனக்குச் சரியாத்தான் படுது.

மார்கழி பிறந்தா இஞ்ச 'இஃப் வீ மேக் இட் த்ரூ டிசம்பர்' போடத் தொடங்கிடுவாங்கள், ஏதோ நத்தார்ப் பாட்டு மாதிரி. கவனிச்சுக் கேட்டா அதில பண்டிகையே இல்லை. தொழிற்சாலையில வேலை போன ஒரு தகப்பன். சின்னப் பெட்டை ஒண்டு. இந்த முறை ஏன் நத்தார் இல்லையெண்டு அவளுக்கு விளங்கேல்லை, அவளுக்கு விளங்கப்படுத்தவும் இவனிட்ட வார்த்தை இல்லை. இந்த ஒரு மாதத்தைத் தாண்டிட்டா காணும், வெயில் இருக்கிற பக்கமாப் போவம், கலிஃபோர்னியாவாக்கூட இருக்கலாம் எண்டு தனக்குத்தானே சொல்லிக்கொள்ளுறான். மெட்டு என்னெண்டா துள்ளிக்கொண்டு போகுது. பிள்ளைக்கு முன்னால முகத்தைச் சிரிச்ச மாதிரி வச்சிருக்கிற தகப்பனின்ர மெட்டு அது.

உது வந்தது 1973 கடைசியில. எண்ணெய் நெருக்கடி, எல்லா இடமும் ஆள்குறைப்பு. நாலு கிழமை முதலிடத்தில நிண்டது. அந்த நேரம் ஹாகர்ட் பெரிய காசுக்காரன், வேலை போறதுக்கு அவருக்கு முதலாளியே இல்லை. கிட்டார்காரர் ரோய் நிக்கல்ஸ், டிசம்பர் எண்டாலே தன்ர வீட்டுக்குக் கஷ்டகாலம் எண்டு சொன்ன கதைதான் விதையாம்.

அப்ப 'நான்' ஆர்? ரோய் நிக்கல்ஸும் இல்லை, ஹாகர்ட்டும் இல்லை. விடிய நாலு மணிக்கு அதைக் கேட்டுக்கொண்டு ஓடுற ஆக்கள்தான்.

#5 ஆறுகம்பி

நிக்கல்ஸ் பேர் வந்ததால் நுழைகிறேன். பாட்டு வரிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், சத்தத்தை யாரும் பேசவில்லை.

அந்தக் காலத்தில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் ஸ்டுடியோக்களில் கன்ட்ரி பாட்டுக்கு வயலின் கூட்டமும் கோரஸும் போட்டு மெழுகிக்கொண்டிருந்தார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டு அதற்கு நேரெதிர். எண்ணெய்க் கிணற்றிலும் பருத்திக் காட்டிலும் வேலை முடித்து வருகிறவர்கள் குடிக்கவும் ஆடவும் போகிற சாராயக் கூடங்கள்தான் அங்கே மேடை. கூட்டச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். அதனால் ஃபெண்டர் டெலிகாஸ்டர் கிட்டார், ட்ரெபிளைத் தூக்கி வைத்து, பிரிட்ஜ் பக்கம் அடிப்பது. கூடவே பெடல் ஸ்டீல், ஓங்கி அடிக்கிற டிரம்ஸ். பக் ஓவன்ஸ் இதில் முன்னோடி, ஹாகர்ட் அடுத்தவர்.

ராய் நிக்கல்ஸ் பதின்ம வயதிலேயே மேடாக்ஸ் பிரதர்ஸ் அண்டு ரோஸ் குழுவில் வாசித்தவர். சின்ன வயதில் ஹாகர்ட் அண்ணாந்து பார்த்த ஆள். பிற்பாடு அதே ஆள் ஹாகர்ட்டின் குழுவான 'த ஸ்ட்ரேஞ்சர்ஸ்'இல் இருபது வருடத்துக்கு மேல் வாசித்தார். அவர் ஒரு நோட்டை நேராக அடிக்க மாட்டார். கம்பியை முதலிலேயே வளைத்து வைத்துக்கொண்டு, அடித்த பிறகு இறக்குவார். சுருதி மேலிருந்து சரிந்து வந்து தன் இடத்தில் உட்காரும். கிட்டார் வாசிக்கிறவர்கள் செய்து பாருங்கள். எவ்வளவு வளைத்தோம் என்று காதுக்குத் தெரியாமல், விரலை மட்டும் நம்பிச் செய்ய வேண்டிய வேலை.

ஹாகர்ட்டின் குரலும் அந்த மாதிரிதான். மூத்த கன்ட்ரி பாடகர் லெஃப்டி ஃப்ரிஸலிடம் கற்றது. ஓர் எழுத்தை எடுத்து இரண்டு மூன்று சுரத்துக்கு இழுத்து வளைப்பது. பதின்ம வயதில் பேக்கர்ஸ்ஃபீல்டு ரெயின்போ கார்டன்ஸில் ஃப்ரிஸல் கச்சேரிக்குப் போனார். பையன் பாடுவதை மேடைக்குப் பின்னால் கேட்ட ஃப்ரிஸல், "முதலில் இவன் பாடட்டும், பிறகு நான் வருகிறேன்" என்று மேடையேற்றினார். ஹாகர்ட் வாழ்க்கையைத் திருப்பியது கேஷா ஃப்ரிஸலா என்று கேட்டால் நான் ஃப்ரிஸல் என்பேன்.

#6 செவ்வானம்

எல்லாரும் வசதியாக ஒரு பாட்டை விட்டுவிட்டீர்கள். 1969, வியட்நாமில் போர். தெருவில் மாணவர்கள். அந்த நேரத்தில் இவர் எழுதியது என்ன? 'ஓக்கி ஃப்ரம் மஸ்கோகீ'. எங்கள் ஊரில் கஞ்சா அடிக்க மாட்டோம், ராணுவ அழைப்பாணையைக் கொளுத்த மாட்டோம், தலைமுடி வளர்க்க மாட்டோம், கொடியை வணங்குவோம். அடுத்த வருடமே 'த ஃபைட்டின் சைட் ஆஃப் மீ': நாடு பிடிக்காவிட்டால் போய்விடு. 1972இல் கவர்னர் ரீகன் முழு மன்னிப்பு கொடுக்கிறார். 1973இல் நிக்சன் வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பாட வைக்கிறார். இதையும் "அடுத்தவருக்காகப் பாடிய நான்" என்று கழுவப் போகிறீர்களா?

#7 பெட்டிக்கடை

ஆஹா, வந்துட்டார்யா தோழர். இழை சூடாயிடுச்சு.

#8 கம்பிநாதம்

செவ்வானம் தோழர், கழுவப் போவதில்லை. ஆனால் அந்தப் பாட்டின் கதை நீங்கள் அடுக்குகிற மாதிரி நேர்கோடாக இல்லை.

பிறந்த விதம்: ஓக்லஹோமாவில் பேருந்தில் போய்க்கொண்டிருக்கும்போது மஸ்கோகீ ஊர்ப் பலகையைப் பார்த்துக் குழுவில் யாரோ, "இங்கெல்லாம் கஞ்சா அடிக்க மாட்டானுங்க" என்று கிண்டலடிக்க, ஹாகர்ட்டும் டிரம்ஸ் வாசித்த ராய் எட்வர்ட் பர்ரிஸும் சேர்ந்து வரிக்கு வரி கட்டிக்கொண்டு போனார்கள். பேருந்துக்குள் இருந்தவர்கள் ஒன்றும் சன்னியாசிகள் இல்லை. ராணுவத்தினர் முன்னால் பாடியபோது கூட்டம் எழுந்து ஆர்ப்பரித்தது. அப்போதுதான் தன் கையில் என்ன இருக்கிறது என்றே அவருக்குத் தெரிந்தது. அதன் பிறகு நாற்பது வருடம் அதற்கு ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார். ஒரு சமயம் நையாண்டி என்பார். ஒரு சமயம் அப்பா உயிரோடிருந்தால் இப்படித்தான் பேசியிருப்பார் என்பார். இன்னொரு சமயம் அந்த வயதில் எனக்கு ஒன்றும் தெரியாது என்பார். மூன்றும் உண்மையாக இருக்கலாம்.

'ஓக்கி' என்பது ஓக்லஹோமாவிலிருந்து பிழைக்க வந்தவர்களைக் கலிஃபோர்னியாக்காரர்கள் இளக்காரமாகக் கூப்பிட்ட பேர். ரயில் பெட்டியில் வளர்ந்த பையன் அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன். அதைத் தலைப்பில் வைத்து, அப்படி இருப்பதில் பெருமை என்று நாடு முழுக்கப் பாட வைத்தார். அந்தக் கோபம் நிஜம். அது மாணவர்கள் மேல் போய் விழுந்தது அநியாயம் என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கவில்லை.

மன்னிப்பு பாட்டுக்குக் கிடைத்த கூலி என்கிற மாதிரி வரிசைப்படுத்துகிறீர்களே, அதற்கு ஆதாரம் இருந்தால் போடுங்கள்.

#9 தேன்மொழி

'ஓக்கி'க்கு அடுத்து அவர் வெளியிட நினைத்தது எது தெரியுமா? 'அர்மா ஜாக்சன்'. வெள்ளைக்காரப் பையனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் காதல், உலகம் விடமாட்டேன் என்கிறது. கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் தயாரிப்பாளர் கென் நெல்சன் வேண்டாம் என்று தடுத்தார். அதற்குப் பதிலாக வந்ததுதான் 'ஃபைட்டின் சைட்'. 'அர்மா ஜாக்சன்' 1972இல்தான் ஒரு ஆல்பத்துக்குள் வெளியே வந்தது. இனவெறி அரசியல் நடத்திய ஜார்ஜ் வாலஸ் 1970 தேர்தலுக்கு ஆதரவு கேட்டபோது முடியாது என்றுவிட்டார். 2003இல் ஈராக் போரை எதிர்த்துப் பேசியதற்காக டிக்ஸி சிக்ஸ் என்ற கன்ட்ரி குழுவின் பெண்களை வானொலிகளெல்லாம் தள்ளி வைத்தபோது, அவர்கள் பக்கம் நின்று பேசிய மூத்த ஆள் இவர்.

#10 செவ்வானம்

தேன்மொழி, தகவலுக்கு நன்றி. ஆனால் பாருங்கள், எந்தப் பாட்டு கடைக்கு வந்தது, எது அலமாரியில் கிடந்தது? எழுதினார் சரி. அதற்காக கம்பெனியோடு சண்டை போட்டாரா? 1970இல் அவர் கன்ட்ரி மியூசிக் சங்கத்தின் 'ஆண்டின் சிறந்த கலைஞர்'. அந்த உயரத்தில் இருந்தவர் பிடிவாதம் பிடித்திருந்தால் நெல்சனால் என்ன செய்திருக்க முடியும்? பாத்திரத்தின் குரல் என்கிறீர்கள். அந்தப் பாத்திரம் நன்றாக விற்கிறது என்று தெரிந்ததும் அவனுக்கே இரண்டாவது பாட்டும் கொடுத்தது யார்?

#11 கம்பிநாதம்

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல பதில் இல்லை. 'ஃபைட்டின் சைட்' எனக்கும் பிடிக்காத பாட்டு. 'ஓக்கி'யில் ஒரு கண் சிமிட்டல் இருக்கிறது. இதில் அது இல்லை, முறைப்பு மட்டும்தான்.

ஆனால் நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதே 1969இல் 'ஹங்ரி ஐஸ்' எழுதியிருக்கிறார். பண்ணைக் கூலிகளின் முகாம், கான்வாஸ் கூரை, அம்மாவின் கண்ணில் பசி. உழைத்தும் மேலே வர விடாத வர்க்கம் ஒன்று இருக்கிறது என்று நேராகவே பாட்டில் சொல்கிறார். ஹாகர்ட் குடும்பம் அந்த மாதிரி முகாமில் வாழ்ந்ததே இல்லை. ரயில் பெட்டியானாலும் சொந்த வீடு. பக்கத்தில் பார்த்ததை, உறவினர் பட்டதைத் தன் அம்மா மேல் ஏற்றி எழுதினார். 'வர்க்கின் மேன் ப்ளூஸ்' கூட அதே வருடம். ஒரே வருடத்தில் ஒரே பேனா. உங்கள் கட்சிக்காரர்கள் மேடையில் பாடக்கூடிய பாட்டும் இருக்கிறது, எதிர்க்கட்சிக்காரர்கள் பாடியதும் இருக்கிறது.

#12 வடமராட்சியான்

செவ்வானம் கேட்டது ஞாயமான கேள்விதான். ஆனா சிறையால வந்த ஆளுக்குக் கிடைச்சதை இழந்துபோடுவமோ எண்ட பயம் இருக்கும் எல்லே. 60கள் முழுக்க அவர் தன்ர சிறைக் கதையை வெளியில விடவே பயந்தவர். 1969இல ரீவியில ஜொனி கேஷ்தான், "நீயே சொல்லிப்போடு, பிறகு ஒருத்தராலயும் உன்னை ஒண்டும் செய்யேலாது" எண்டு தெண்டிச்சுச் சொல்ல வச்சவர். சிறையில இருக்காதவரைக் கைதியெண்டு சனம் நம்பிச்சுது. இருந்தவர் ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சார்.

#13 ஆறுகம்பி

அந்த சான் குவென்டின் கேஷ் கச்சேரியைப் பற்றி ஒரு துணுக்கு. அன்றைக்குக் கேஷுக்குத் தொண்டையே கட்டிப்போயிருந்ததாம், குரல் வரவில்லை. ஆனாலும் கூட்டத்தை உள்ளங்கையில் வைத்திருந்தார் என்று ஹாகர்ட் சொல்லியிருக்கிறார். கைதிகள் பக்கம் நின்று காவலர்களைச் சீண்டினார், அது போதுமாக இருந்தது.

ஆனால் "கேஷைப் பார்த்தார், திருந்தினார்" என்பது சினிமாக் கதை. சிறைக்குள் திருட்டுத்தனமாக பீர் காய்ச்சி விற்று, தானும் குடித்துச் சிக்கி, தனிமைச் சிறையில் போட்டார்கள். மரண தண்டனைக் கைதிகள் இருக்கும் பக்கம். நாடே அறிந்த மரண தண்டனைக் கைதி கேரில் செஸ்மன் அங்கே இருந்தார். அந்த நாட்கள்தான் தன்னைப் புரட்டிப் போட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார். வெளியே வந்ததும் மேடை காத்திருக்கவும் இல்லை. அண்ணன் லோவெலின் மின்சார வேலைக் கம்பெனியில் பள்ளம் தோண்டினார். ராத்திரியில் பாட்டு. பிறகு லாஸ் வேகாஸில் வின் ஸ்டூவர்ட் குழுவில் பேஸ் கிட்டார். ஸ்டூவர்ட் தனக்காக வைத்திருந்த 'சிங் எ சாட் சாங்' பாட்டை, "எனக்குக் கொடுத்துடுங்க" என்று கேட்டு வாங்கினார். ஸ்டூவர்ட்டும் கொடுத்துவிட்டார்! டாலி ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி வெளியிட்டது. 1964இல் 19ஆம் இடம். ஆரம்பம் அதுதான்.

#14 பெட்டிக்கடை

கம்பிநாதம் அண்ணே, உங்க வாதத்துக்கு நானே ஒரு பாயிண்ட் எடுத்துத் தர்றேன், டீ வாங்கிக் கொடுத்துடுங்க. அவரோட முதல் நம்பர் ஒன் பாட்டு, 1967, 'ஐம் எ லோன்சம் ஃப்யூஜிட்டிவ்'. போலீஸுக்குப் பயந்து ஓடிக்கிட்டே இருக்கறவன் பாட்டு. கேட்டவன் எல்லாம் 'சொந்தக் கதை'ம்பான். எழுதினது லிஸ் ஆண்டர்சனும் அவங்க வீட்டுக்காரர் கேசியும். ஒரு டிவி தொடர் பாதிப்புல எழுதினது. ஹாகர்ட் ஜெயிலுக்குப் போனவர்னு அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாது! 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்'னு குழுவுக்குப் பேர் வந்ததும் அந்தம்மா எழுதின பாட்டாலதான்.

#15 தேன்மொழி

லிஸ் ஆண்டர்சன் பேரைச் சொன்னதற்கு நன்றி. இந்த மாதிரி இழைகளில் பெண்கள் மனைவி வரிசையில் மட்டும்தான் வருவார்கள். அதனால் பானி ஓவன்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

பானி முதலில் பக் ஓவன்ஸின் மனைவி, பிறகு 1965இல் ஹாகர்ட்டை மணந்தார். "பக் ஓவன்ஸின் முன்னாள், ஹாகர்ட்டின் இந்நாள்" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவார்கள். அவர் தனியாகவே பெரிய பாடகி. வெஸ்ட் கோஸ்ட் கன்ட்ரி இசை அகாடமியின் முதல் விருது விழாவிலேயே சிறந்த பாடகி விருது வாங்கியவர். ஹாகர்ட்டோடு சேர்ந்த பிறகு தன் கச்சேரியைக் குறைத்துக்கொண்டு அவருக்குப் பின்குரல் பாடப் போனார். முதல் மனைவியின் நான்கு குழந்தைகளையும் பார்த்துக்கொண்டார். ராத்திரி எந்த நேரத்தில் ஹாகர்ட்டுக்கு வரி தோன்றினாலும் நோட்டை எடுத்து எழுதி வைத்தது பானிதான். அவர் எழுதி வைக்காமல் விட்டிருந்தால் விடிவதற்குள் மறந்துபோயிருக்கும் பாட்டுகள் எத்தனையோ.

'டுடே ஐ ஸ்டார்டட் லவிங் யூ அகெய்ன்' 1968இல் 'லெஜண்ட் ஆஃப் பானி அண்டு க்ளைடு' இசைத்தட்டின் பின்பக்கமாக வந்தது. வந்தபோது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. பிறகு அதைப் பாடாத கன்ட்ரி பாடகரே கிடையாது. அதில் பானிக்குச் சரிபாதி உரிமை. விவாகரத்து ஆன பிறகும் அவரோடு மேடையில் பாடினார். ஹாகர்ட் அடுத்து லியோனா வில்லியம்ஸை மணந்தபோது மணப்பெண் தோழியாக நின்றது இதே பானி.

இதைப் பெருந்தன்மை என்று எல்லாரும் மெச்சுவார்கள். எனக்கு மெச்ச வரவில்லை. 2006இல் பக் ஓவன்ஸ் இறந்து ஒரு மாதத்தில் பானியும் போனார். செய்திகள் இரண்டு ஆண்களின் பேரைப் போட்டுத்தான் அவரை அடையாளம் சொன்னன.

#16 ஆறுகம்பி

தேன்மொழி சொல்வது சரி. ஹாகர்ட் தட்டுகளில் 'ஹாகர்ட் குரல்' என்று நாம் நினைப்பதில் பாதி, அதற்கு மேலே மூன்றாம் சுரத்தில் ஒட்டிக்கொண்டு போகிற பானியின் குரல். ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் தெரியும்.

#17 வளைகுடா வாசி

வளைகுடா என்றால் துபாய் இல்லை, சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா. :) இரண்டு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த ரயில் பெட்டி வீட்டை 2015இல் ஆயில்டேலிலிருந்து பெயர்த்து, பேக்கர்ஸ்ஃபீல்டில் இருக்கும் கெர்ன் கவுண்டி அருங்காட்சியகத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பார்த்திருக்கிறேன். குளிர்பதனப் பெட்டியை அவர் அப்பா தேர்ந்தெடுத்ததன் காரணம் அங்கே போனால்தான் புரியும். பழமும் காய்கறியும் கெடாமல் போக வேண்டிய பெட்டி என்பதால் சுவர் தடிமனாக, நடுவில் அடைப்பு வைத்துக் கட்டியிருப்பார்கள். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஜூலை மாதம் 40 டிகிரி சாதாரணம். வெறும் தகரக் கூரையில் அவிந்துபோயிருப்பார்கள். தச்சர் மூளை! சன்னல் வெட்டி, பக்கவாட்டில் அறை இழுத்து, பெட்டி என்று சொன்னால்தான் தெரியும் அளவுக்குச் செய்திருக்கிறார். சரக்கு ரயிலில் ஓடிப்போகிற பையன் வளர்ந்ததே ஒரு சரக்குப் பெட்டியில் என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் உறைத்தது. தண்டவாளமும் பக்கத்தில்தான் இருந்தது.

கெர்ன் ஆற்றையும் பார்த்துவிட்டு வந்தேன். 'கெர்ன் ரிவர்' (1985) பாட்டில் காதலி அந்த ஆற்றில் அடித்துக்கொண்டு போய்விடுகிறாள், இனி அதில் நீந்தவே மாட்டேன் என்கிறான். அதுவும் ஹாகர்ட் வாழ்க்கையில் நடந்தது இல்லை. கம்பிநாதம் கணக்கில் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம்.

#18 பெட்டிக்கடை

கடைசி காலத்துல என்ன ஆச்சு? 38 நம்பர் ஒன் அடிச்ச ஆளு 90கள்ல காணாமப் போயிட்டாரே.

#19 கம்பிநாதம்

காணாமல் போகவில்லை, வானொலி கைவிட்டது. கடைசி முதலிடம் 1988 தொடக்கத்தில் 'ட்விங்கிள் ட்விங்கிள் லக்கி ஸ்டார்'. அதன் பிறகு தொப்பி போட்ட இளம் பாடகர்கள் காலம். பணமும் கரைந்தது. சூதாட்டம், விவாகரத்துகள், ஷாஸ்டா ஏரியில் படகு வீடு, போதை. 90களின் தொடக்கத்தில் திவால் மனு. எழுதிய பாட்டுகளின் உரிமையையும் விற்க வேண்டி வந்தது. 1994இல் கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள். மரியாதைதான், ஆனால் அந்த மரியாதை வானொலியில் ஒரு பாட்டைக்கூடக் கூடுதலாக ஓட்டவில்லை.

2000இல் ஆன்டி என்ற பங்க் இசைக் கம்பெனியில் 'இஃப் ஐ குட் ஒன்லி ஃப்ளை' ஆல்பம். தலைப்புப் பாட்டு ப்ளேஸ் ஃபோலி எழுதியது. வயதான குரலை மறைக்காமல், கிட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுகிற மாதிரிப் பதிவு. 2008இல் நுரையீரலில் புற்றுநோய்க் கட்டியை வெட்டி எடுத்தார்கள். இரண்டே மாதத்தில் மேடைக்கு வந்துவிட்டார். 2010இல் கென்னடி சென்டர் விருது. 2015இல் வில்லி நெல்சனோடு 'ஜாங்கோ அண்டு ஜிம்மி' ஆல்பம், அது பட்டியலில் முதலிடம். 2016 பிப்ரவரியில் 'கெர்ன் ரிவர் ப்ளூஸ்' பதிவு செய்தார். அதில் கிட்டார் வாசித்தது மகன் பென். பிறந்தநாளில் போய்விடுவேன் என்று ஒரு வாரம் முன்பே வீட்டில் சொன்னாராம். ஏப்ரல் 6, 79 வயது நிறைந்த அன்று நிமோனியாவில் போனார். பென்தான் இதை வெளியே சொன்னார்.

#20 வளைகுடா வாசி

புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்கள் எங்கே தொடங்குவது? என் வீட்டம்மா கேட்கிறார்.

#21 ஆறுகம்பி

'மம்மா ட்ரைட்', 'சிங் மீ பேக் ஹோம்' இரண்டும் எப்படியும் காதில் விழும். அதனால் வேறு சொல்கிறேன். 1970இல் வந்த பாப் வில்ஸ் அஞ்சலி ஆல்பம். வில்ஸ், வெஸ்டர்ன் ஸ்விங் என்ற கன்ட்ரி நடன இசையின் முன்னோடி. புகழின் உச்சியில் இருந்த ஹாகர்ட், அதற்காக முப்பது வயதுக்கு மேல் ஃபிடில் வாசிக்கக் கற்றுக்கொண்டார். அவர் அப்பாவும் ஃபிடில் வாசித்தவர். பாப் வில்ஸின் பழைய வாத்தியக்காரர்களைத் தேடிப் பிடித்துக் கூட்டிவந்து வாசிக்க வைத்தார். அந்தத் தட்டு வந்த பிறகுதான் டெக்ஸஸில் வெஸ்டர்ன் ஸ்விங் இசைக்கு மறுபடி உயிர் வந்தது.

#22 வடமராட்சியான்

வீட்டம்மாவுக்கெண்டா 'டுடே ஐ ஸ்டார்டட் லவிங் யூ அகெய்ன்' தான். பிடில் எல்லாம் பிறகு பாக்கலாம்.

#23 செவ்வானம்

நேற்று ராத்திரி 'அர்மா ஜாக்சன்', 'ஹங்ரி ஐஸ்' இரண்டையும் தேடிக் கேட்டேன். 'ஹங்ரி ஐஸ்' நான் எதிர்பார்த்ததைவிட நேர்மையான பாட்டு, அதைக் கூட்டங்களில் போடலாம். 'அர்மா ஜாக்சன்' வரிகள் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் போகின்றன, ஆனாலும் அந்தக் காலத்துக்குத் துணிச்சல்தான். 1970இலேயே வந்திருக்க வேண்டும். அந்த இரண்டு வருடக் கணக்கை நான் நெல்சன் பேரில் மட்டும் எழுதத் தயாராக இல்லை. 'ஃபைட்டின் சைட்' பற்றி நான் சொன்னது அப்படியே நிற்கிறது.

#24 பெட்டிக்கடை

தோழரையே பாட்டு கேக்க வச்சாச்சு. கம்பிநாதம் அண்ணே, டீ பாக்கி. அடுத்த இழை லொரெட்டா லின், தேன்மொழி ஆரம்பிச்சு வைக்கட்டும்.